மேற்படி வேடியப்பன்

“இதுக்கு மேல நான் என்னதான் செய்யணும், டீச்சர்?”

கேட்டுவிட்டு அருணகிரி கையிலிருந்த ஃபைலை மேஜைமேல் போட்டார். மூன்று கிலோ இருக்கும். மேஜை கொஞ்சம் ஆடியது.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட மெஹர்பானுவுக்கு வயது முப்பத்தெட்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. ஹவில்தார் ஒருவரின் மகள். பழைய ராணுவ மெடல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை யார் வாங்கினான், எதற்கு வாங்கினான், கூட வந்த காகிதம் நிஜமா போலியா என்று துருவிச் சொல்வது அவர் வேலை. வேலூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. மெடல் சேர்க்கும் ஆட்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். அவர் கையெழுத்துப் போட்ட ஆராய்ச்சிக் குறிப்பு ஒன்று இருந்துவிட்டால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அருணகிரிக்கு வயது அறுபத்தொன்று. குமாஸ்தாவாகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் ஊராரைப் பார்த்து “நாளைக்கு வா” என்று சொல்லிப் பழகிய வாய். அந்த மனுஷனை இந்தப் பெண் ஒன்றரை வருஷமாக “அடுத்த மாசம் வாங்க” என்று நடக்கவைத்தால் கடுப்பு வருமா, வராதா?

வந்தது. பொங்கிக்கொண்டு வந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவர் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மெடல் ஆராய்ச்சி கத்துக்கணும், டீச்சர்.”

டீச்சர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வைத்தார். கவருக்குள் சின்ன அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய மெடல். பக்கத்தில் நாலாக மடித்த ரிப்பன், ஊசி ஏறாத ரிப்பன்.

அருணகிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் உலக யுத்தத்து மெடல். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைக்காரன். சிப்பாய்களுக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். கூடவே போய் மூட்டை தூக்கினவனுக்கும் மண் வெட்டினவனுக்கும் அதே மெடல் வெண்கலத்தில். வெள்ளி மெடல் அருணகிரியிடம் பதினாலு இருந்தது. வெண்கலத்தில் ஒன்றுகூட இல்லை. அதுவும் வந்த பெட்டியோடு, சட்டையில் ஒருநாள்கூடக் குத்தாமல்!

விளிம்பில் இங்கிலீஷ் எழுத்தில் பொறித்திருந்தது: 1184, கூலி, வேடியப்பன்.

“இந்த ஆளைத் தேடுங்க,” என்றார் டீச்சர். “தேடி முடிச்சு, அவனுக்குன்னு யாரும் இல்லைன்னு ஆனா, நான் குறிப்புல கையெழுத்துப் போடறேன். மெடல் உங்களுக்கு.”

அன்றைக்கே அருணகிரி வீட்டுக்குப் போய்க் கண்ணாடி அலமாரியில், நீல வெல்வெட்டின் நடுவில், அதற்கு ஓர் இடம் ஒதுக்கினார். பேர் எழுதிய அட்டைகூட அச்சடித்துவிட்டார்.

அந்த இடம் இன்றைக்கும் காலியாகத்தான் கிடந்தது.

“சொல்றேன், கேளுங்க,” என்று அருணகிரி ஃபைலைத் திறந்தார். “எந்தக் கப்பல்ல போனான், இருக்கு. பஸ்ராவுல எந்தத் தேதியில இறங்கினான், இருக்கு. பாலைவனத்துல எந்த ரயில் பாதைக்கு மண்ணு போட்டான், அதுவும் இருக்கு. செத்தவங்க பட்டியலைப் பார்த்துட்டேன், அதுல அவன் பேர் இல்ல. உயிரோட திரும்பியிருக்கான். அறுநூறு பக்கம், டீச்சர்!”

“திரும்பி எங்க வந்தான்?”

“அதான் கவர்லயே இருக்கே.”

கவரின் முன்பக்கம் விலாசம். வேடியப்பன், தகப்பன் பெயர் சடையன், கல்லேரிப்பட்டு கிராமம், அரியாந்தாங்கல் தாலுகா. ராணுவக் கிடங்கிலிருந்து கலெக்டருக்கு வந்து, கலெக்டரிடமிருந்து தாலுகா ஆபீஸுக்கு வந்த கவர்.

பின்பக்கம் கறுப்பு மையில் ஒரே ஒரு வரி. விசாரித்ததில், மேற்படி வேடியப்பன் மேற்படி கிராமத்தில் இல்லை எனத் தெரிய வருகிறது. கீழே ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கையெழுத்து, முத்திரை, 1922ஆம் வருஷத்துத் தேதி.

அந்த வரியை எழுதிய பிறகு கவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். யாரும் அனுப்பவில்லை. நூறு வருஷம் அங்கேயே ஒரு கட்டுக்குள் கிடந்து, ரெண்டு வருஷம் முன்னால் கழிவுக் காகிதத்தோடு எடைக்குப் போய், பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவர் மூலமாக டீச்சர் கைக்கு வந்து சேர்ந்தது. அருணகிரிக்கு அதில் பெருமை வேறு. அந்தத் தாலுகா ஆபீஸில்தான் அவர் ஆறு வருஷம் குப்பை கொட்டியிருந்தார்.

“கூலிக்குப் போறவன் பொய் விலாசம் குடுத்திருக்கான், டீச்சர். அந்தக் காலத்துல சகஜம். கடன்காரனுக்குப் பயந்து ஓடினவனா இருக்கும். ஊர்ல அப்படி ஒரு ஆளே இல்ல. ஆள் இல்லைன்னா வாரிசு ஏது? கையெழுத்துப் போடுங்க.”

டீச்சர் முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

“பொய் விலாசம்னு யார் சொன்னா?”

“ஊர்ல ஆள் இல்லைன்னு எழுதியிருக்குல்ல?”

“யார் எழுதினது?”

“ரெவின்யூ இன்ஸ்பெக்டர். சீல் இருக்கு.”

“சரிங்க, சார். அடுத்த மாசம் வாங்க.”

அருணகிரி மாடிப்படி இறங்கும்போது வாய்விட்டே திட்டினார். லேத் பட்டறைக்காரர் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அடுத்த மாசம் வந்தார். இந்தத் தடவை விடக்கூடாது என்று வந்தார்.

“அந்த இன்ஸ்பெக்டர் பேர் ராமையா. அவர் கையெழுத்து உள்ள வேற மூணு ஆவணத்தை ஆவணக் காப்பகத்துல போய்த் தேடி எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சா அதே கையெழுத்து. முத்திரையும் நிஜம். மையும் அந்தக் காலத்து மை. எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் போகலாம். இப்ப என்ன சொல்றீங்க?”

டீச்சர் மூன்று நகலையும் பொறுமையாகப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார்.

“நிஜமான கையெழுத்துதான், சார். சந்தேகமே இல்ல.”

“அப்பாடா!”

“அடுத்த மாசம் வாங்க.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் முன்னால் அழுதவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு. ஒரே காகிதத்துக்காகப் பதினேழு தடவை நடந்தவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் இப்படித்தான் வயிறு எரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டார். அது வேறே, இது வேறே.

மூன்றாவது மாசம் படியேறினால் கதவு சாத்தியிருந்தது.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுத்தமான எழுத்து.

விசாரித்ததில், மேற்படி மெஹர்பானு மேற்படி முகவரியில் இல்லை எனத் தெரிய வருகிறது.

கீழே டீச்சரின் கையெழுத்து. அதன்மேல் வட்டமாக ரப்பர் ஸ்டாம்ப். இன்றைய தேதி.

உள்ளே குக்கர் விசில் அடித்தது.

அருணகிரி கதவைத் தட்டினார். இன்னொரு விசில். மறுபடி தட்டினார். உள்ளே டீச்சர் யாரிடமோ போனில் சிரித்துப் பேசுவதுகூடக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் தட்டியதைத் தட்டியதாகச் சொல்ல முடியாது, இடித்தார்.

கதவு திறந்தது.

“என்ன விளையாட்டு இது, டீச்சர்? வேலூர் வெயில்ல ரெண்டு பஸ் மாறி வர்றேன்! உள்ளேயே இருந்துக்கிட்டு இல்லைன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க?”

“எழுத்துல தெளிவா இருக்கே, சார். கையெழுத்து இருக்கு.”

“இருந்தா?”

“சீல் இருக்கு. தேதி இருக்கு. நிஜக் கையெழுத்துதான், வேணும்னா மூணு ஆவணத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.”

“என்னங்க பேசறீங்க? அதைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிடறதா?” அருணகிரியின் குரல் தெருவரைக்கும் கேட்டது. “ஆள் இருக்கா இல்லையான்னு கதவைத் தட்டிப் பார்க்காம எவனாச்சும் போவானா?”

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார்.

கீழே லேத் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் உள்ளே போய்ப் பழுப்புக் கவரைக் கொண்டுவந்தார். பெட்டி, மெடல், ரிப்பன் எல்லாம் அதற்குள் இருந்தன. அருணகிரி கையில் கொடுத்தார்.

“இதை எடுத்துட்டுப் போங்க, சார். அடுத்த தடவை நீங்க வந்து என்ன சொல்றீங்களோ, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன். ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன்.”

கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்லேரிப்பட்டு, தாலுகா ஆபீஸிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர். அந்த ஊர்க்காரர்களுக்கு அருணகிரி ஆறு வருஷத்தில் எவ்வளவோ சான்றிதழ் கொடுத்திருக்கிறார், எவ்வளவோ மனுவைத் தள்ளியிருக்கிறார். ஊரைப் பார்த்தது இல்லை.

பஸ் ஊருக்குள் போகாது என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவும் இல்லை. ஒரு மைல் நடை. நிழலுக்கு ஒரு புளியமரம் கிடையாது. இந்த ரோட்டுக்குத் தார் போடக் கேட்டு வந்த மனு ஒன்றை அவர் எங்கோ கட்டி வைத்த ஞாபகம். வாய் வறண்டு, சட்டை முதுகில் ஒட்டி, டீச்சரையும் வேடியப்பனையும் முதல் உலக யுத்தத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஊருக்குள் நுழைந்தார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நாலைந்து பேர் இருந்தார்கள்.

“இந்த ஊர்ல வேடியப்பன்னு ஒருத்தர். சடையன் மகன். நூறு வருஷத்துக்கு முன்னாடி.”

டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “வேடியப்பன்னா எங்கூர்ல எட்டுப் பேரு கீறாங்க. சடையன் மகன்னு யாரும் இல்லியே.”

பெஞ்சிலிருந்தவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். அதில் வயசான ஒருவர், “அப்டி ஆளு நம்மூர்ல இல்ல, சார்,” என்று முடித்துவைத்தார்.

அருணகிரிக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறைப்பானேன், அந்த டீ அவருக்குத் தித்தித்தது. வந்தாச்சு, கேட்டாச்சு, ஆள் இல்லை. நேரில் வந்து நாலு பேரை விசாரித்தாகிவிட்டது. இனி டீச்சர் என்ன சொல்ல முடியும்?

நோட்டை எடுத்தார். பேனா தானாக ஓடியது.

விசாரித்ததில், மேற்படி வேடியப்பன் மேற்படி

“இன்னாத்துக்கு சார் அந்த ஆளு?” என்றார் டீக்கடைக்காரர்.

“ஒண்ணுமில்ல. மொத உலக யுத்தத்துல கப்பல் ஏறி பஸ்ராவுக்குப் போனவர்.”

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. வயசானவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“கப்பலா? தே, கப்பல் புளுகனைக் கேக்குறியா நீ? மொதல்லியே அப்டிச் சொல்றதுக்கென்ன!”

“யாரு?”

“அந்த ஆளுக்கு வேற பேரு இருந்ததே எவனுக்குத் தெரியும்? மூணு வருசம் எங்கியோ ஓடிப்போய்ட்டு வந்து, கப்பல்ல போனேன், கடலுக்கு அந்தாண்ட போனேன், மணலுக்கு மேல ரயிலு வுட்டேன், ராஜா எனக்கு மெடலு அனுப்புவாருன்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தானாம். எங்க தாத்தன் கதை கதையா சொல்லுவாரு. மெடலும் வரல, மயிரும் வரல. கப்பல் புளுகன்னே பேரு நின்னுபோச்சு. அந்தக் கோடி வூடுதான், புளுகன் வூடு. இப்ப பேரனோட பொண்ணு செந்தாமரை இருக்குது. துணி தைக்குது.”

அந்த நேரத்துக்கு ஒரு டவுன் வேன் ஊருக்குள் வந்து திரும்பி நின்றது. மெயின் ரோட்டுக்குத்தான் போகிறதாம். ஒரு சீட்டு இருக்கிறதாம். டிரைவர் அருணகிரியைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

அருணகிரி எழுந்தார். பையில் மெடல் இருந்தது. அலமாரியில் இடம் இருந்தது. டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார், சொன்னால் சொன்னதுதான். நோட்டில் எழுதியது பொய்யும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து விசாரித்தபோது ஆள் இல்லை என்றுதானே சொன்னார்கள்?

வேன் டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

“போய்யா!” என்று அவர்மேல் எரிந்து விழுந்தார் அருணகிரி. பாவம், அந்த மனுஷன் என்ன செய்தார்? வேன் போய்விட்டது.

கோடி வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஸ்கூல் யூனிஃபாரம் துணி குவிந்து கிடந்தது. செந்தாமரைக்கு நாற்பது வயது இருக்கும். இவர் வேடியப்பன் பேரைச் சொன்னதுமே அந்தப் பெண்ணின் முகம் இறுகியது.

“டீக்கடையில சொல்லி அனுப்பினாங்களா? கிண்டல் பண்ண வேற ஆளு கிடைக்கலியா உங்களுக்கு?”

“இல்லம்மா, நான்…”

“போன வருசம் என் ஆட்ட எவனோ ஓட்டிக்கினு போய்ட்டான். பஞ்சாயத்துல போய்ச் சொன்னா, புளுகன் வூட்டு ஆடு நெசமாவே இருந்துச்சான்னு கேக்கறாங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. என் பொண்ணு கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினேன்னு சொன்னா, கார்டக் காட்டுன்னு சொல்லுதுங்க பசங்க. நூறு வருசம் சார்! இன்னமும் எங்க வாயில வர்றது எதையும் இந்த ஊரு நம்பல.”

அருணகிரி பையைத் திறந்தார். கவரை எடுத்தார். பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து, மெடலை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பைத் திருப்பிக் காட்டி, எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் படித்துக் காட்டினார்.

“ஆயிரத்து நூத்தி எண்பத்தி நாலு. கூலி. வேடியப்பன். உங்க கொள்ளுத்தாத்தாதாம்மா. கப்பல்ல போனது நிஜம். மணல்ல ரயில் பாதை போட்டது நிஜம். எல்லாத்துக்கும் என்கிட்ட காகிதம் இருக்கு.”

மிஷின் எப்போதோ நின்றிருந்தது. செந்தாமரை மெடலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள், அவள் பள்ளிக்கூடம் போயிருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

“வரும் வரும்னு சொல்லிக்கினே இருந்தாராம், சார். தாலுகா ஆபீஸுக்கு நடந்தே போவாராம். விடிகாலைல கெளம்பிப் போய்ட்டு ராத்திரிதான் வருவாராம். உன் பேருக்கு ஒண்ணும் வரல, போடான்னு தொரத்தி விடுவாங்களாம். எங்க தாத்தா சொல்லும், ரெண்டு வருசம் அப்டி நடந்தாராம். அப்புறம் வெளிய போறதையே விட்டுட்டாராம்.”

அருணகிரி கவரை மறுபடி பைக்குள் வைக்கப் போனார். அவள் கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

விலாசத்தைப் படித்தாள். திருப்பினாள். கறுப்பு மையில் எழுதியிருந்த வரியை மெதுவாக, வாய்விட்டுப் படித்தாள்.

“இல்லையா? இங்கதான சார் இருந்தாரு? இதே வூட்டுலதான சார் செத்தாரு?”

வரிக்குக் கீழே இருந்த கையெழுத்தில் விரலை வைத்தாள்.

“இத எழுதினவரு ஊருக்கு வந்து பாத்தாராமா, சார்?”

அந்த இன்ஸ்பெக்டர் செத்துப் பல காலம் ஆகியிருக்கும் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் ரோடு ஏது, வண்டி ஏது என்று சொல்லலாம். ஒரு இன்ஸ்பெக்டருக்கு எத்தனை கிராமம் என்று கணக்குச் சொல்லலாம். எல்லாம் அருணகிரியின் வாய்வரைக்கும் வந்தது, அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

“இல்லம்மா,” என்றார். “நாங்க வரலை.”